வெபுகுலுவைப் பொடியன் என்ற அப்டேட்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது காப்பிச் சங்கத்தின் எடை மேடையில். எல்கன் மலையடி ஊரான ம்பாலேயில் தார்ப்பாய் விற்று இருபத்திரண்டு வருஷமாகப் பிழைக்கிறேன்; அன்றைக்கும் தார்ப்பாய் கொடுக்கத்தான் போனேன். போன இடத்தில் ஒரு தகராறு. பார்த்தோமா வந்தோமா என்று இருந்திருக்கலாம். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: 'எல்கன் மலைச்சாரலில் விடியலின் பொன்னொளி' – வேண்டாம். தூறிக்கொண்டிருந்தது, காலெல்லாம் சேறு.

இரண்டாவது: 'மென்பொருள் என்பது யாதெனில்' – ஐயோ சாமி.

கைன்ஸாவிலிருந்தே தொடங்குகிறேன்.

2

கைன்ஸா தனியாள். சங்கத்துக்கு எடை போடும் மென்பொருளை ஒண்டியாக எழுதிக் கொடுத்தவள். அந்தச் சங்கம்தான் அவளுடைய ஒரே வாடிக்கை. இப்படித் தனியாக எழுதுகிறவர்களுக்குச் சிக்கல் வந்தால் யாரைக் கேட்பது? வெளிநாட்டுக் கம்பெனிகள் உதவி விற்கின்றன, டாலரில். அந்த விலைக்கு ஒரு பசு வாங்கலாம். அதனால் அவளும் அவளைப் போலக் காப்பிச் சங்கங்களுக்கு எழுதும் இருபது பேரும் சொரோட்டியிலிருக்கும் ஒகிரோரைப் பிடித்துக்கொண்டார்கள். மாதத்துக்கு ஆறு முட்டைச் சப்பாத்தி விலை. அவர்களுடைய மென்பொருள்களுக்கு அடியில் ஓடும் பொதுவான பகுதியை அவர் எழுதிப் பராமரிப்பார், அப்டேட் அனுப்புவார், கூப்பிட்டால் போன் மூன்றாவது மணி அடிப்பதற்குள் தானே எடுப்பார்.

(இவ்வளவு மலிவாக விற்கிறவர் நல்லவராகவும் இருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று பயந்து, அவருக்கு ஒரு கெட்ட குணம் கொடுக்கப் பார்த்தேன். 'ஒகிரோர் ரகசியமாக' என்று ஆரம்பித்தேன், பேனா நகரவில்லை. யாரையும் கேட்காமல் காரியம் செய்வார். அது போதும்.)

3

அப்படிக் கேட்காமல் செய்ததுதான் இது. பிள்ளைகளை வேலை வாங்கிப் பறித்த காப்பியை வெளிநாட்டில் வாங்கமாட்டார்கள். ஆகவே பதினெட்டு வயது நிரம்பாதவர் பெயரில் எடை போடக் கூடாது என்று ஒரு சோதனையைச் சேர்த்து, அப்டேட்டை எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். நியாயமான சோதனைதான். ஆனால் இந்த மலையில் ஆம்பிளையிடம் எந்த வருஷம் என்று கேட்டால் பிறந்த வருஷத்தையா சொல்வான்? முன்தோல் நீக்கும் சடங்கில், கத்திக்கு முன்னால் கண் சிமிட்டாமல் நின்று ஆம்பிளையான வருஷத்தைச் சொல்வான். சங்கத்து எழுத்தரும் அதையே பிறந்த வருஷக் கட்டத்தில் போட்டு வைத்திருந்தார்.

வெபுகுலு தோளில் காப்பிப் பழ மூட்டையோடு வந்தார். முப்பத்தைந்து வயது, நாலு பிள்ளைக்குத் தகப்பன், சடங்கு நடந்தது 2010இல். 'சிறுவர்களுக்கு எடை போட இயலாது' என்று திரையில் வந்தது. எழுத்தர் அதை உரக்கப் படித்துத் தொலைத்தார்.*

அவருக்குப் பின்னால் வரிசையில் முப்பது பேர். பாதிப் பேர் அந்தக் கணக்குப்படி பொடியன்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் தனி வியாபாரியின் லாரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. பறித்த பழத்தை அன்றைக்கே தோலுரிக்காவிட்டால் புளித்துவிடும். வரிசை லாரிக்குப் போனால் உன் மென்பொருளும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்று சங்கச் செயலாளர் கைன்ஸாவிடம் சொல்லிவிட்டார். அவள் ஒகிரோரைக் கூப்பிட்டாள்.

* இங்கே ஒருவனைப் பொடியன் என்பதற்குப் பதில் அவன் பாட்டனாரைத் திட்டலாம். மன்னிப்புக் கிடைக்க வாய்ப்புண்டு.

4

முதல் பிரதியில் ஒகிரோர் போனை எடுக்கவில்லை. அடித்துவிட்டேன். இரண்டாவதில் பஸ் ஏறி வந்து காலில் விழுகிறார். சினிமா மாதிரி இருந்தது, அதையும் அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்: இரண்டாவது மணியிலேயே எடுத்தார். சோதனையை ஒரேயடியாக எடுத்துவிடவா என்று கேட்டார். எடுத்தால் வெளிநாட்டு வியாபாரம் போய்விடும், பிறந்த வருஷத்துக்கு ஒரு கட்டம், சடங்கு வருஷத்துக்கு ஒரு கட்டம் வேண்டும் என்றாள் கைன்ஸா. ஒரு மணி நேரம் ஆகும் என்றார்.

அதற்குள் வெபுகுலு மூட்டையை இறக்காமலே ஒரு கையால் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னைப் பொடியன்னு சொன்னது நீதானா?"

பழியை எழுத்தர்மேல் போட்டிருக்கலாம். நானாக இருந்தால் போட்டிருப்பேன்.

"ஆமாண்ணே, நான்தான்."

"எந்த ஊருய்யா நீ?"

"சொரோட்டி."

"ஓகோ. உங்க பக்கம் இந்தச் சடங்கு உண்டா?"

"இல்லண்ணே."

மேடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கணக்கில் நானும் பொடியன்தான் என்று உறைத்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"அப்ப நீ யாரு? நீயே சொல்லு."

"பொடியன்தாண்ணே. பொடியன் தெரியாம பண்ணிட்டான். பெரியவங்க ஒரு மணி நேரம் பொறுத்துக்கங்க, திருத்திக் கொடுத்துடறேன். அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல."

ஒகிரோருக்கு ஐம்பத்தொரு வயது. இதை எந்தப் பத்தியில் சொல்வதென்று தெரியாமல் இதுவரை கையில் வைத்திருந்தேன்.

5

முடிவு மூன்று எழுதினேன். ஒன்றில் மூட்டை லாரிக்குப் போகிறது. இன்னொன்றில் எல்லோரும் கைதட்டுகிறார்கள், அதைக் கிழித்தேன். மூன்றாவது பாதியில் நிற்கிறது: வெபுகுலு போனைக் கைன்ஸாவிடம் திருப்பிக் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். வரிசையில் ஒருவரும் அசையவில்லை. அவர் போகிற பக்கம்தான் போவார்கள்.

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், அங்கேதானே நின்றேன். சொல்லமாட்டேன். சொன்னால் ஒகிரோர் பேசியது பலித்ததா இல்லையா என்றுதான் பார்ப்பீர்கள். பலிக்கும் என்று தெரிந்துகொண்டா அந்த மனுஷன் குனிந்தார்? எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போயிற்று.

ஆனால் ஒன்று. மூட்டை இன்னும் வெபுகுலுவின் தோளில் இருக்கிறது. அறுபது கிலோ. அதைச் சுமந்துகொண்டு ஒரு மணி நேரம் யாராலும் நிற்க முடியாது, மேடையிலோ லாரியிலோ இறக்கித்தான் ஆக வேண்டும். எங்கே என்று நீங்கள் சொல்லுங்கள்.