ஏழாவது கீறல்

கௌரவ விரிவுரையாளர் என்பது பெயரில் மட்டும் கௌரவமுள்ள வேலை. கோவில்பட்டியிலிருந்து வந்து பருத்திப்பட்டில் ஃபிளாட் எடுத்துத் தங்கியிருந்த கிருஷ்ணப்பிரியாவுக்கு அது நன்றாகவே தெரியும். ஆவடிப் பக்கத்துக் கல்லூரியில் வரலாறு நடத்தினாள். பழைய கையெழுத்து ஆவணங்களை மாணவர்களே ஆராயும் வகுப்பை அடம்பிடித்து வாங்கியவளும் அவள்தான். அடுத்த வருடமும் அது நடக்குமா, ஊற்றி மூடப்படுமா என்பது இன்று தெரிந்துவிடும். துறைத்தலைவர் இருதயராஜ் மதிப்பீட்டுப் படிவத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மேசைக்கு மேசை ஒரு மனுவின் வண்ண நகலைக் கொடுத்தாள். 1887இல் வேப்பம்பட்டுப் பக்கத்துப் பண்ணையாட்கள் கலெக்டருக்குக் கொடுத்த மனு. ஏரிக்கரை இலுப்பை மரத்தை வெட்டக் கூடாது என்பதுதான் கோரிக்கை. எழுதத் தெரிந்த ஒருவர் எழுதித் தர, தெரியாத பன்னிரண்டு பேர் பெயருக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு கீறல் போட்டிருந்தார்கள்.

"கண்ணால பார்த்தத முதல்ல சொல்லுங்க. கதையெல்லாம் அப்புறம்" என்றாள். பலகையில் 'மனு கொடுத்தவர்கள்: பன்னிரண்டு ஆண்கள்' என்று எழுதினாள். இதே மனுவை வைத்து அவள் எழுதிய ஆய்வேட்டிலும் அப்படித்தான் இருந்தது.

பத்து நிமிடம் எல்லாத் தலைகளும் நகலின்மேல் கவிழ்ந்திருந்தன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு லென்ஸால் பார்த்துக்கொண்டிருந்த டில்லிபாபு மெல்ல எழுந்தான்.

"மேடம், ஏழாவது ஆளு போட்டது சும்மா கீறல் இல்ல. களக்கொத்து."

"எப்படிச் சொல்ற?"

"எங்கூட்லயே ஒண்ணு கீது. அம்பத்தூர் கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி எங்கம்மா கடலக் கொல்லைல அத வெச்சிதான் களை எடுத்துகினு இருந்தாங்க. ரெண்டாவது ஆளப் பாருங்க, ஏர் வரஞ்சிகிறான். அவங்கவங்க கைல புடிக்கறத வரஞ்சிகிறாங்க. எங்க பக்கம் ஆம்பள களக்கொத்து புடிக்க மாட்டான் மேடம்."

கிருஷ்ணப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கீறலை அவள் நூறு தடவையாவது பார்த்திருப்பாள். எண்ணியிருக்கிறாளே தவிர, ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை.

"ஏழாவது ஆளு பேரு பச்சைன்னு கீதே, ஆம்பளயாவும் இருக்கலாம்ல?" என்றாள் பக்கத்து பெஞ்ச் சிம்ரன். "படத்த மட்டும் வெச்சிகினு எப்டி? மனுவுலயே எதனா இருக்கணும்."

அவளே விரலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். ஒன்பதாவது வரியில் விரல் நின்றது. "'பிள்ளைகளுக்குத் தூளி கட்ட வேறே மரமில்லை.' மேடம், மரத்துல தூளி கட்டிட்டு கொல்லைல எறங்கறது யாரு?"

எழுதிக் கொடுத்தவர் தன் போக்கில் சேர்த்த அலங்காரம் என்று ஆய்வேட்டில் கிருஷ்ணப்பிரியா தள்ளிவிட்ட வரி அது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. அதுவும் எந்த நாளில்? 'பாடத்தில் பிழை உண்டா?' என்று கேட்கும் படிவம் கடைசி பெஞ்சில் இருக்கிற நாளில். "அடுத்த வகுப்புல பார்ப்போம்" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவளுக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. டஸ்டரை எடுத்து 'ஆண்கள்' என்பதை அழித்துவிட்டு 'பேர்' என்று எழுதினாள்.

"ஆறு வருஷமா தப்பா படிச்சிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் சரியா படிச்சிட்டீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு வகுப்பை யாரால் பிடிக்க முடியும்? பெஞ்சுகள் நகர்ந்தன, தலைகள் முட்டின. நான்காவதும் களைக்கொத்துதான் என்று ஒரு பெஞ்ச் கண்டுபிடித்தது. பதினோராவது களைக்கொத்தா அரிவாளா என்று இரண்டு பெஞ்சுகள் சண்டைக்கு நின்றன. மணி அடித்தது. ஒருவரும் பையை எடுக்கவில்லை.

இருதயராஜ் எழுந்து வந்து படிவத்தை மேசைமேல் வைத்தார். பிழை உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதியிருந்தார். கிருஷ்ணப்பிரியாவின் முகம் வாடியது. அதற்குக் கீழே இருந்ததைப் பிறகுதான் படித்தாள்: 'கண்டுபிடித்தவர்கள் மாணவர்கள். அடுத்த ஆண்டு இந்த வகுப்புக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கவும்.'

அவள் நிமிர்ந்து பார்க்கும்போது அவர் அங்கே இல்லை. டில்லிபாபுவின் பெஞ்சில் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நகருப்பா. அந்த லென்ஸக் குடு, பதினோராவத நானும் பார்க்கணும்."