உறை பிரிக்காத மெத்தை

மெத்தை மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. சரக்கு வண்டி டிரைவர் மேலிருந்து இழுக்க, மெத்தைக்கடைக்காரன் கீழிருந்து தோள் கொடுத்தான். தெருவில் எல்லோருக்கும் அவன் மெத்தைக்கடைக்காரன்தான். கடை ஒன்றும் அவனுடையதில்லை, அங்கே விற்பனைக்கு நிற்பவன், அவ்வளவுதான். வருகிறவர்களை எல்லாம் "படுத்துப் பாருங்க சார்" என்று படுக்க வைத்துப் படுக்க வைத்தே ஊரில் பாதிப் பேரைத் தூங்கப் பண்ணியிருக்கிறான். அவன் வீட்டில் மட்டும் இதுநாள்வரை பாய்தான்.

கீழ்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள். வாய் கொஞ்சம் நீளம்.

"என்னப்பா, பொண்ணு ரெண்டாங் கிளாஸ் போயிட்டா. இப்பதான் மெத்தை ஞாபகம் வந்துச்சா?"

"எனக்கில்லக்கா. வீட்டுக்காரி பரிட்சைக்கு."

"மெத்தையில படுத்துப் பாஸ் பண்ற பரிட்சையா? எனக்கும் ஒரு சீட்டு போடச் சொல்லு."

சிரித்துக்கொண்டே அவள்தான் டியூஷன் பெஞ்சுகள் இரண்டை மேலே அனுப்பினாள். அவற்றைச் சேர்த்துப் போட்டு மெத்தையை ஏற்றியதும் அறை முடிந்துவிட்டது. சுவர் ஓரமாக ஒருக்களித்து நடந்தால்தான் சமையலறைக்குப் போக முடியும். முதலாளி மெத்தையைக் கொடுக்கும்போதே விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்: "ஒரு வாரம். பிளாஸ்டிக் கவர் கிழிஞ்சா மெத்தை உன்னோடது, சம்பளம் என்னோடது." நாய் பெற்ற தெங்கம்பழம்போல உரிக்க வழியில்லாமல் அது பளபளவென்று நடுவில் கிடந்தது.

பரிட்சை உண்மையிலேயே மெத்தையில்தான். கடல் தாண்டிய ஊரில் ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்க ஆள் எடுக்கிறார்கள். ஹோட்டல்காரர்களே விசா எடுத்துத் தருவார்கள், டிக்கெட்டும் அவர்கள் பொறுப்பு. ஆனால் விசா ஒரு ஆளுக்குத்தான். முதல் இரண்டு வருஷம் புருஷன், பிள்ளை யாரையும் கூட்டிக்கொள்ள முடியாது. அங்கிருந்து ஒரு அம்மா போனில் முகம் பார்த்துப் பேசுவாள். அவள் கண் முன்னால் ஒரு படுக்கையை விரித்துக் காட்ட வேண்டும். "மூலை மடிப்புதான்க்கா பார்ப்பாங்க, அது விறைப்பா நிக்கணும்" என்று ஏஜென்ட் பையன் சொல்லியிருந்தான். "விட்டா மறுபடி எப்ப எடுப்பாங்கன்னு அவங்களுக்கே தெரியாது." விரித்து முடிக்க அவன் சொன்ன நேரம் ஏறக்குறைய அடுப்பில் வைத்த பால் பொங்குகிற நேரம். அதனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஆரம்பிப்பது என்று முடிவானது.

அவன் மனைவி ஒரு பெரிய துணிக்கடையில் வேலை பார்த்தாள். வாடிக்கையாளர்கள் பிரித்துப் போடுவதை மடித்து வைக்கிற வேலை. காலையிலிருந்து இரவுவரை மடிப்பாள், மடித்து முடிப்பதற்குள் இன்னொருத்தி வந்து பிரித்துப் போடுவாள். ஏன் போகணும் என்று அவன் கேட்டபோது அவள் வீட்டுக் கஷ்டம், பிள்ளை படிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. "நான் மடிச்சு வச்சது சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கணும்ங்க. அத ஒரு தடவை பாக்கணும்" என்றாள். போகாதே என்று சொல்ல அவனுக்கு ஆசை இருந்தது. என்ன காரணம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

முதல் நாள் அவள் வெள்ளை விரிப்பை உதறியபோது அது அறைக்குள் ஒரு முழு மூச்சு விட்டுவிட்டு இறங்கியது. கால்மாட்டில் செருகினாள். பக்கத்துத் தொங்கலைத் தூக்கி முக்கோணமாக மடித்து மெத்தைக்கு அடியில் தள்ளினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் போய் இழுத்ததும் மெல்லிய சரசரப்போடு முதல் மூலை நழுவித் தொங்கியது. மறுபடி செய்தாள், மறுபடி நழுவியது. பால் பொங்கி வழிந்தது.

பிளாஸ்டிக் கவரோடு விரித்தால் எந்த விரிப்பும் நிற்காது, வழுக்கும். இது அவன் கடையில் தினமும் சொல்கிற வசனம். 'கவரைக் கழட்டிட்டு விரிங்கம்மா, இல்லாட்டி ராத்திரி முழுக்க இழுத்துக்கிட்டே இருக்கணும்.' அந்த வசனம் நுனிநாக்குவரை வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினான்.

அந்த வாரம் வீடு வீடாகவே இல்லை. மகள் மேனேஜர் ஆகிவிட்டாள். அம்மாவின் துப்பட்டாவைக் கழுத்தில் டைபோலக் கட்டிக்கொண்டு, சமையலறைக் கதவருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, "வாங்க சார், எத்தனை நாள் தங்கப் போறீங்க?" என்று அப்பாவைக் கேட்பாள். வேலை முடிந்து வரும் அவன் சொந்த வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைவான். மனைவி கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவாள், அவனை "சார்" என்பாள். முதல்முறை அப்படிக் கூப்பிட்டபோது அவனுக்குக் காது சூடாகிவிட்டது. பெண்பார்க்கப் போன நாளில் காபித் தட்டோடு வந்தவள் இதே குரலில்தான் "எடுத்துக்கங்க" என்றாள்.

"தலையணை போதுமா சார்?"

"ம்... போதும்."

"வேற ஏதாவது வேணுமா சார்?"

அவன் கூரையைப் பார்த்தபடி கிடப்பான். வேணும் என்று சொல்ல வாய் வரும். மேனேஜர் முந்திக்கொண்டு, "அவருக்கு ஒண்ணும் வேணாமாம், நீங்க அடுத்த ரூமுக்குப் போங்க" என்று உத்தரவு போடுவாள். அடுத்த ரூம் என்பது சமையலறை. அவள் ஒருக்களித்து நடந்து அங்கே போவதை அவன் பார்த்துக்கொண்டிருப்பான், ரொம்பத் தூரம் போகிற மாதிரி இருக்கும்.

படுத்தால் மூவரும் அதன் மேல்தான். யார் புரண்டாலும் கவர் சரசரக்கும். வெளியே மழை பெய்கிறது என்று நினைத்துக்கொண்டே மகள் தூங்கிப்போவாள். அந்த மழையில் நனையாமல், நடுக்கடலில் ஓடம் போல மூன்று பேரும் எங்கோ போய்க்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றும். கரையே வர வேண்டாம் என்றிருக்கும்.

மகள்தான் ஒரு நாள் கவரை விரலால் தேய்த்துவிட்டுச் சொன்னாள். "அம்மா, இந்தப் பிளாஸ்டிக்தாம்மா வழுக்குது."

"சும்மா இருடி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். என் கை சரியில்ல, அதுக்கு மெத்தை மேல பழி போடவா?" என்றவள் அவன் பக்கம் திரும்பினாள். "இல்லங்க?"

உலகத்தில் அவளைத் தவிர வேறு யாராக இருந்தாலும் கவரைப் பழித்திருப்பார்கள். தன் கைமேல் குற்றம் வைத்துக்கொண்டு அவனை நம்பிக் கேட்டாள்.

"ம்" என்றான்.

மறுநாள் கடையில் ஒரு கிழவர் படுத்துப் பார்த்துவிட்டு, "கவரோட போடலாமாப்பா?" என்று கேட்டார். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பரிட்சைக்கு முந்தின சாயங்காலம் அவள் விரிப்பை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டா டையோடு மகள் முக்காலியிலேயே தூங்கியிருந்தாள். அடுப்பில் பால் இல்லை.

"ஏஜென்ட் தம்பிகிட்ட வரலைன்னு சொல்லிடலாம்ங்க."

அவன் கேட்க நினைத்திருந்த வாக்கியம் அதுதான். கேட்டதும் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருக்கும் என்று எண்ணியிருந்தான். அவளோ இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, யாரோ வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மடிக்க மட்டும்தான் எனக்குத் தெரியும்னு நெனச்சிருந்தேன். அதுவும் தெரியலன்னு இப்பதான் தெரியுது" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை.

"காலையில பாத்துக்கலாம். ஒரு தடவை செஞ்சு பாரு" என்று மட்டும் சொன்னான்.

விடிகிற நேரத்தில் அவனுக்கு ஒரு கனவு வந்தது. நீளமான ஒரு நடை, இருபுறமும் ஒரே மாதிரிக் கதவுகள். அவள் வண்டி தள்ளிக்கொண்டு வருகிறாள். ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறாள். எல்லா அறைக்குள்ளும் அவனே இருக்கிறான், ஆனால் எந்த அறையிலிருந்தும் குரல் கொடுக்கவில்லை. அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அடுத்த கதவுக்குப் போகிறாள். நடை முடியவேயில்லை, தட்டுவதை அவளும் நிறுத்தவில்லை. விழித்தபோது குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

எழுந்தான். மகளை மெத்தையிலிருந்து தூக்கிச் சமையலறைப் பாயில் கிடத்தினான். சமையலறைக் கத்தியை எடுத்து வந்து கவரின் ஓரத்தில் வைத்து இழுத்தான். அவன் நினைத்ததைவிடப் பெரிய சத்தம் வந்தது.

மகள் தலையைத் தூக்கினாள். "அப்பா! முதலாளி திட்டுவாரு!"

"திட்டட்டும். எழுந்து வா, அந்த ஓரத்தைப் பிடி."

இருவருமாக உரித்தார்கள். உள்ளேயிருந்து புதுப் பஞ்சு வாசனை அறை முழுக்க வந்தது. ஈரத்தலையில் துண்டோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மெத்தையைப் பார்த்தாள். தரையில் குவிந்து கிடந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தாள். கடைசியில் அவனைப் பார்த்தாள். விரிப்பை எடுத்து உதறினாள். கால்மாட்டில் செருகி, முக்கோணம் தூக்கி, அடியில் தள்ளி, எதிர்ப்பக்கம் போய் இழுத்தாள். மூலை நின்றது. அவள் திரும்பி வந்து அதை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள்.

"முத நாளே தெரியுமா?"

"கடையில தினம் சொல்றதுதானே."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போயிடுவியே" என்றான்.

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்த அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. கோபமா அழுகையா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஓடிப்போய் விரிப்பை உருவிப் போட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து, நெற்றியைச் சரிசெய்துகொண்டு நின்றாள். போனைப் பிடிக்க வேண்டியவன் அவன். மேனேஜர் யாரும் சொல்லாமலே அடுப்பில் பாலை வைத்தாள்.

சின்னத் திரைக்குள் மனைவி இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். போன் ஆடாமல் பிடிப்பதிலேயே அவன் கவனமெல்லாம் இருந்தது. விரிப்பு ஒருமுறை மேலே எழுந்து அவளை முழுக்க மறைத்தது, பிறகு இறங்கியது. நான்கு மூலைகளும் எழுதி வைத்தது போல நின்றன. பால் ஏடு கட்டிக்கொண்டு இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. திரையிலிருந்த அம்மா போனை மூலைக்குப் பக்கத்தில் கொண்டு போகச் சொன்னாள். கொண்டு போனான். அவள் தலையசைத்து, சிரித்து, பாஸ்போர்ட்டை அனுப்பச் சொன்னாள். அவ்வளவுதான், திரை இருண்டது.

"அம்மா பாஸ்!" என்று கத்திக்கொண்டே மகள் அடுப்பை அணைத்தாள். கீழ்வீட்டு அக்காவிடம் முதலில் சொல்ல வேண்டுமாம். பிளாஸ்டிக் கவரை ராஜா மாதிரித் தோளில் போர்த்திக்கொண்டு படியிறங்கினாள். இத்தனை நாள் வீட்டுக்குள் பெய்த அந்த மழை ஒவ்வொரு படியாக இறங்கிப் போய், கீழே ஓர் இடத்தில் நின்றது.

அறையில் இருவரும் நின்றார்கள். சட்டென்று அவள் விரிப்பின் தலைமாட்டு ஓரத்தைக் கொஞ்சம் விலக்கினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"படுத்துப் பாருங்க சார்."

அவன் செருப்பில்லாத கால்களை ஒருமுறை வேட்டியில் துடைத்துக்கொண்டு படுத்தான். சத்தமே இல்லை. அவள் கால்மாட்டில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சுவர்ப்பக்கம் புரண்டான். பிறகு வேண்டுமென்றே பலமாக இந்தப் பக்கம் புரண்டான். இன்னும் ஒருமுறை புரண்டுவிட்டு, தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தான்.

மூலை அப்படியே இருந்தது.