துறந்தவர் விட்ட பசி

மடத்தின் தலைமைத் துறவி விட்டொழித்த பசி, பாத்திரம் கழுவுகிறவளின் வயிற்றில் வந்து இறங்கியபோது, அவள் அப்போதுதான் சாப்பிட்டுக் கை துடைத்திருந்தாள். குடலை முறுக்கிப் பிழிவது போல வலித்தது. அன்று காலை அவர் சீடர்கள் முன்னால் தன் மரக்கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து, இனி இந்த உடம்புக்குப் பசி வேண்டாம், இதோ இதில் விட்டுவிட்டேன் என்று சபதம் செய்திருந்தார். அந்த மடத்தில் கிண்ணத்தில் விட்டது எதுவானாலும் கழுவப் போகும். யாரும் அதை யோசிக்கவில்லை.

வயிற்றுப் பூச்சியாக இருக்கும் என்று அவள் பேதிக்கு மருந்து தின்றாள். பசியைத் தவிர மற்றதெல்லாம் போனது. அதன்பின் இரண்டு ஆள் சாப்பாட்டைத் தின்று குச்சியாக இளைத்தாள். சதையெல்லாம் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. எதுவும் தின்னாத மனிதருக்குக் கழுத்தில் மடிப்பு விழுந்தது, தொந்தி மடியில் வந்து உட்கார்ந்தது. முந்தின நாள் அவள் தின்ற காய்ந்த மீன், விடியற்காலைத் தியானத்தில் அவர் வாயில் ஏப்பமாக வந்தது. பக்தர்கள் அந்த நாற்றத்தைத் துண்டில் பிடித்து முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கல் உடைக்கப் போகும் அவள் புருஷன், "வயித்துல என்ன கிணறா வெட்டி வச்சிருக்க? போட்டதெல்லாம் எங்கடி போகுது?" என்று கேட்டுவிட்டுத் தன் தட்டையும் அவள் பக்கம் தள்ளுவான்.

சில வருடம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. மார்பில் சொட்டுப் பால் இல்லை. குழந்தை காய்ந்த காம்பைச் சப்பிச் சப்பி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. மடத்துச் சமையல்காரர் ஏற்கெனவே அந்த ஏப்பத்தை மோந்து விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார். அவர் சொல்லித்தான் அவள் துறவியிடம் போய், ஒரே ஒரு வேளை சாப்பிட்டுப் பசியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். துறவி கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

"விட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாதும்மா. வாந்தியைத் திங்கிற மாதிரி அது."

"நீங்க வாந்தியெடுத்தது என் வயித்துல, சாமி."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வாரம் அவருடைய அங்கியின் முன்பக்கம் நனைந்தது. வியர்வை என்றார்கள். பிறகு ஒரு சீடன் நக்கிப் பார்த்து இனிக்கிறது என்றான். தாய்ப்பால். மயிர் அடர்ந்த மார்பிலிருந்து சொட்டியதை வெள்ளிக் கிண்ணத்தில் பிடித்து, முன்வாசல் வரிசையில் நின்றவர்களுக்குக் கரண்டியால் ஊற்றினார்கள். மீசை வைத்த வியாபாரிகள் அதை உறிஞ்சிவிட்டு, உள்ளங்கை ஈரத்தைத் தலையில் தடவிக்கொண்டு போனார்கள். அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். வேலைக்காரர்கள் முன்வாசலில் நிற்கக் கூடாது, கிண்ணம் எப்படியும் கழுவ வரும், அடியில் ஒட்டியிருப்பதை எடுத்துக்கொள் என்றார்கள். அவள் விரலால் வழித்துக் குழந்தையின் நாக்கில் தடவினாள்.

குழந்தை சாகவில்லை. வழித்த பாலும் கடன் வாங்கிய ஆட்டுப்பாலுமாக வளர்ந்து, வளைந்த காலோடு இப்போது அப்பனுடன் கல் உடைக்கப் போகிறாள். துறவிக்கு இன்னும் சுரக்கிறது. வரிசையில் யாரும் வியப்பதில்லை. முன்பு போலக் கெட்டியாக இல்லை என்று முணுமுணுக்கிறார்கள். மடம் அந்த மகளுக்குத் தாய்ப்பால் பாக்கி வைத்திருக்கிறது. இன்றுவரை தரவில்லை.