அந்தப் பக்கத்து ரிசீவர்

எங்கள் வீட்டுச் சுவர்களைக் கட்டியவர் கையில் கிடைத்தால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்பேன். வீடு கட்டச் சொன்னால் கோட்டை கட்டி வைத்திருக்கிறார். முன்னறையில் இருக்கும் வைஃபை பின்னறைக்கு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஒயர் இழுக்கத் துளை போட்டால் டிரில் முனைதான் முறிந்தது. முன்னறையிலேயே உட்கார வேண்டியதுதானே என்று கேட்காதீர்கள். எதிரே வெல்டிங் பட்டறை. அங்கிருந்து பாடம் நடத்தினால் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடும்.

நான் கணக்கு டீச்சர். வேலை பார்த்த பள்ளியை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருக்கிறேன். இந்த வயதில் இனி யார் கூப்பிடப் போகிறார்கள் என்று இருந்தபோது, இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு பள்ளி கூப்பிட்டது. திங்கட்கிழமை காலை மாதிரி வகுப்பு. நிஜமான பிள்ளைகள் இருப்பார்கள், மேற்பார்வைக்கு ஒருவர் இருப்பார். நடுவில் இணைப்பு அறுந்தால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

நெட்வொர்க்காரர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மாமனார் காலத்தில் அறைக்கு அறை போன் பிளக் வைத்திருந்தார்கள். அந்தப் பழைய கம்பி வழியாகவே இணையத்தைக் கொண்டுபோய்விடலாம் என்றார். முன்னறை ரூட்டர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, பின்னறையில் இன்னொன்று. இரண்டையும் போன் பிளக்கில் சொருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. போன் பேச்சும் இதுவும் ஒரே கம்பியில் போகும், ஒன்றோடு ஒன்று வம்புக்குப் போகாது, இரண்டையும் பிரித்துவிட போனுக்கு ஒரு ஃபில்டர் மட்டும் மாட்டினால் போதும் என்று சொல்லி, கட்டைவிரல் அளவு சாமான் ஒன்றை நடுக்கூடத்துப் போனில் மாட்டினார். அவர் தலையில் கிரீடம் வைக்காத குறைதான்.

மறுநாள் காலையில் ஒத்திகை பார்த்தேன். திடீரென்று பச்சை சிவப்பாகி இணைப்பு அறுந்தது. கொஞ்ச நேரத்தில் தானே சரியானது. அடுத்த நாளும் அதே கூத்து. இரண்டு நாளும் என் கணவர் தன் பெயிண்ட் கடைக்குப் போன் செய்து கணக்குப்பிள்ளையோடு பேசுகிற நேரம் அது.

இந்த மனுஷன் சட்டைப் பையில் செல்போனை வைத்துக்கொண்டு, அந்தப் பழைய போனைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவர். சரக்கு வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்பார். அப்புறம் தன் சர்க்கரை அளவு, மகளின் பரீட்சை, நான் அவரைத் திட்டியது வரைக்கும் உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். கணக்குப்பிள்ளைக்கு எதற்கு நம் வீட்டுக் கதை என்று நானும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நெட்வொர்க்காரர் மறுபடி வந்து, ஏணி போட்டு, கம்பிகள் சேரும் பெட்டியைத் திறந்தார். இன்னொரு ஜோடிக் கம்பி சுவருக்குள் போகிறதே, அந்தப் பக்கம் யார் என்று கேட்டார்.

அந்தப் பக்கம் என் கணவரின் அண்ணன். மாமனார் போன பிறகு மாடிப்படி யாருக்கு என்பதில் அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டு, டேப் வைத்து அளந்து, வீட்டின் நடுவே சுவர் எழுப்பிப் பேச்சையே முறித்துக்கொண்டார்கள். தண்ணீர்த் தொட்டியைப் பிரித்தார்கள், மீட்டரைப் பிரித்தார்கள், கொடிக்கயிற்றைக்கூட நறுக்கிப் பிரித்தார்கள். உத்தரத்துக்கு மேலே ஓடிய போன் கம்பி மட்டும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அங்கே ஃபில்டர் இல்லாத போன் ஒன்று இருக்கிறது, அதன் ரிசீவரை யாரோ எடுக்கும்போதுதான் நம் இணைப்பு அறுகிறது என்றார் நெட்வொர்க்காரர். இந்த ஜோடியை வெட்டிவிட்டால் தீர்ந்தது. இல்லையென்றால் அந்தப் போனிலும் ஒரு ஃபில்டர் மாட்ட வேண்டும்.

எனக்கு உச்சி மண்டை கொதித்தது. தினமும் நம் பேச்சை ஒட்டுக் கேட்டிருக்கிறார்கள். வெட்டிப் போடுங்கள் என்றேன்.

“வெட்டாதீங்க,” என்றார் என் கணவர்.

“உங்க அண்ணன் திருட்டுத்தனமா நீங்க பேசறதைக் கேக்கறாரு. புரியுதா உங்களுக்கு?”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“செவுரு கட்டுன மறுநாளே தெரியும். நான் பேசும்போது டக்குனு ஒரு சத்தம் வரும். அப்புறம் மூச்சு விடற சத்தம். எங்க அண்ணன் மூச்சு எனக்குத் தெரியாதா?” அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அதுக்குத்தான் இந்தப் போன்லயே பேசறேன்.”

நெட்வொர்க்காரர் ஏணியில் நின்றபடி கட்டிங் பிளேயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. மீசை நரைத்த இரண்டு தடியன்கள், யார் முதலில் வாயைத் திறப்பது என்று இத்தனை வருஷம் மூச்சைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். வெட்டினால் நாளைக்கு என் வகுப்பு பத்திரம். ஆனால் அதற்கப்புறம் இந்த மனுஷன் யாருக்காக உரக்கப் பேசுவார்? நெட்வொர்க்காரரிடம் இன்னொரு ஃபில்டரை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்த என் ஓரகத்தி வழிவிட்டாள். பெரியவர் ஜன்னலோரம் இருந்தார். முக்காலியில் போன், அதை ஒட்டி ஒரு நாற்காலி. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசவை விட்டுவிட்டு ஃபில்டரை நீட்டினேன்.

“நாளைக்கு எனக்கு வகுப்பு இருக்கு அத்தான். நீங்க ரிசீவரை எடுத்தா அங்க லைன் போயிடுது. இதை மாட்டிட்டா போகாது.”

அவர் முகம் செத்துவிட்டது. இனிமேல் எடுக்கவே மாட்டேன் என்றார்.

“எடுக்காதீங்கன்னு சொல்ல வரலை. அவருக்குத் தெரியும் அத்தான். மொத நாள்ல இருந்தே தெரியும்.”

பெரியவர் மெல்ல உட்கார்ந்தார். நான் ஃபில்டரை மாட்டி முடித்தேன். பிறகு கேட்டார்: “இதைப் போட்டா எனக்குக் கேக்குமா?”

“கேக்கும். நீங்க பேசினாலும் கேக்கும்.”

திங்கட்கிழமை பின்னறையில் வகுப்பைத் தொடங்கினேன். திரையில் பிள்ளைகள், ஓரத்தில் மேற்பார்வையாளர். பின்னக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. நடுக்கூடத்தில் என் கணவர் வழக்கம்போலப் பெயிண்ட் டப்பா வந்ததா என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டார். அப்புறம் பாதிப் பேச்சில் நிறுத்தினார். நான் பெட்டியைப் பார்த்தேன். விளக்கு பச்சையிலேயே இருந்தது.

திரும்பிப் பார்க்கவும் முடியாமல் பலகையில் பின்னத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

“சொல்லுண்ணே,” என்றார் என் கணவர். குரல் உடைந்திருந்தது. “இல்லை கணக்குப்பிள்ளை, உங்களை இல்லை. நீங்க போனை வைங்க.”

திரையில் மேல்வரிசைச் சிறுமி என்னையே பார்த்தாள். “டீச்சர், அழறீங்களா?”

“ஆமா, அழறேன்,” என்றேன். “நீ மீதிக் கணக்கைப் போடு.”