வாசல் வரைக்கும்

காலை ஏழு மணியிலிருந்தே போர்டு சார் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கடைத்தெருவின் நடுவில், இரண்டு குடோன்களுக்கு இடையே மாட்டிக்கொண்ட ஒற்றை மாடி வீடு அவருடையது. சந்தைக்கு வருகிறவன் எவனாக இருந்தாலும் பைக்கை அவர் வாசற்படியில்தான் சாய்ப்பான். 'இங்கே நிறுத்தாதீர்', 'இது வாசல்', 'கண் தெரியவில்லையா' என்று சுவர் முழுக்கத் தன் கையாலேயே போர்டு எழுதி மாட்டியிருந்தார். முப்பது வருடம் ஆபீஸில் ரிஜிஸ்டர் எழுதிய கை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வால் இருக்கும். போர்டு சார் என்ற பெயர் வந்தது அந்தப் போர்டுகளால்தான்.

மற்ற நாள் எப்படியோ போகட்டும், இன்றைக்கு வாசல் காலியாக இருந்தே ஆக வேண்டும். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட மனைவி, ஆறு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி மகள் நச்சரித்துக்கொண்டிருந்த நேரம். நேற்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"வாசல் வரைக்கும் கார் வந்தா நம்ம வீட்டுக்கு வர்றேன். கடைத்தெருவே வேடிக்கை பார்க்க நாலு பேர் என்னைத் தூக்கிட்டு வர்றதா இருந்தா, நேரா மக வீட்டுக்குப் போயிடுவேன். அதெல்லாம் செத்தப்புறம் பார்த்துக்கலாம்."

"கார் வாசல்ல வந்து நிக்கும், நீ பாரு," என்று இவரும் வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஒரு பைக்கைத் தள்ளினால் இன்னொன்று முளைத்தது. கடைசியில், எதிரே பார்சல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பார்சல்காரர்தான் இறங்கி வந்தார். வருடக்கணக்காக இவரிடம் திட்டு வாங்கியே பழகியவர்.

"அம்மா வர்றாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே எடுத்திருப்போமே சார். நீங்க முதல்ல தண்ணி குடிங்க."

பத்தரை மணிக்கு வாசல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. போர்டு சாருக்கே நம்ப முடியவில்லை. பெருக்கிவிட்டு நிமிர்ந்தபோது போன் அடித்தது. டிரைவர்.

"சார், தெரு முனையில நிக்கிறேன். உள்ள வர வழியே இல்லையே. குறுக்க மூணு இரும்புக் கம்பம் நட்டிருக்கே."

அடப் பாவி மனுஷா. அந்தக் கம்பங்களுக்காகப் பதினான்கு மனு எழுதியவர் இவர்தான். சரக்கு வேன்கள் உள்ளே வரக்கூடாது என்று இரண்டு வருடம் நகராட்சிக்கு நடையாக நடந்து, மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் காரியம் முடிந்தது. "இன்னும் ரெண்டு சட்டி கலவை போடுங்க, ஆட்டினா அசையக்கூடாது," என்று கூடவே நின்றார். பத்து நாள் இரண்டு வேளையும் வாளியில் தண்ணீர் ஊற்றினார். பைக்குகள் என்னவோ இடுக்கு வழியாக ஜம்மென்று வந்துகொண்டுதான் இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகவும் வரவும் தினமும் அந்த இடுக்கில்தான் நுழைந்தார். கார் நுழையுமா என்ற யோசனை ஒருநாளும் அந்த மரமண்டைக்கு வரவில்லை. மனைவி வந்ததும் காட்டி அசத்தலாம் என்று வேறு அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தார்.

முனைக்கு ஓடினார். பார்சல்காரர் மூட்டை ஏற்றும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தார். போர்டு சார் நடுக் கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது ஒரு நூல்கூட அசையவில்லை. எரிச்சலில் எட்டி உதைத்தார், கால் விரல்தான் வலித்தது.

மனைவி காருக்குள்ளிருந்து, கம்பத்தில் கட்டியிருந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். 'எந்த வண்டியும் உள்ளே வரக்கூடாது.' ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வால்.

"எழுத்து நல்லாருக்கு," என்றாள்.

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அம்மா, இதுல மெத்தை போட்டு மெதுவா தள்ளிட்டுப் போயிடலாம்," என்றார் பார்சல்காரர்.

"நான் என்ன பார்சலாப்பா?" அவள் கோபமாகக் கேட்கவில்லை. கணவரிடம் திரும்பினாள். "ஏங்க, வீட்டைப் பூட்டிட்டு வாங்க. மாத்துத் துணி எடுத்துக்கோங்க. மக சமைச்சு வெச்சிருப்பா."

அவர் பையோடு வெளியே வந்து கதவைப் பூட்டினார். அதற்குள் பைக்கில் வந்த ஒருவன், காலி வாசலைப் பார்த்துத் தயங்கி நின்றான்.

"சார், இங்க நிறுத்திக்கலாமா?"

போர்டு சார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நிறுத்திக்கோ," என்றார்.