பதினோராவது நிமிடத்தில் சார்ஜ் போகும்

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை, திருட்டு. மைசூரில் டேப்லெட் பழுதுபார்க்கும் கடையில் எனக்கு முன்னால் நின்றவரிடமிருந்து எடுத்தேன். ஓய்வுபெற்ற பேராசிரியர். வீரபத்ராராத்யர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

'சாமுண்டி மலைமேல் மாலை வெயில் மெல்ல...'

(வேண்டாம். மலைக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்?)

2

நவம்பர் பிறந்தால் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து குடியிருப்போர் சங்கம்வரை எல்லாரும் கர்நாடகம் உருவான நாளை, ராஜ்யோத்சவத்தை, கொண்டாடுவார்கள். மேடைக்குத் தலைவர் வேண்டும். ஆராத்யரின் உரை நாற்பத்தொரு பக்கம். டேப்லெட்டைப் பார்த்துத்தான் படிப்பார். இந்த வருஷம் அது பதினோராவது நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. "சார்ஜ் போயிடுச்சு, மன்னிக்கணும்" என்று உட்காருவார். கைதட்டல் பந்தலைத் தூக்கும்.

போன நவம்பரில் இரண்டு அழைப்பு. இந்த நவம்பரில் ஒன்பது.*

* மரியாதைக்கு, மேடைக்கு ஒன்றாக ஒன்பது ஜரிகைத் தலைப்பாகைகள். பீரோவில் இடமில்லை.

3

"பேட்டரி மட்டும் மாத்தலாம் சார். இல்ல, புதுசே வாங்கிடலாம்," என்றார் கடைக்காரர் முனாவர்.

"ரெண்டும் வேணாம். அப்படியே இருக்கட்டும்," என்றார் ஆராத்யரின் மனைவி சர்வமங்களா.

"ஜனங்க என் பேச்சை முழுசாக் கேக்க ஏங்குறாங்க, மங்களா. கைதட்டினதப் பாத்தேல்ல?"

"பாத்தேன். எப்போ தட்டுறாங்கன்னும் பாத்தேன்."

"முனாவர், நீயும்தானே வந்திருந்தே. சொல்லுப்பா."

முனாவர் திருகாணியைத் தேடினார். "போன வருஷம் பாதியில எழுந்து போயிட்டேன் சார். இந்த வருஷம் கடைசிவரைக்கும் இருந்தேன்."

"பாத்தியா?" என்றார் ஆராத்யர் மனைவியிடம்.

(இவ்வளவு சொல்லியும் ஒருவருக்குப் புரியாமல் போகுமா? போகும். வகுப்பைவிட்டு எழுந்து போக முடியாதவர்களிடம் முப்பத்திரண்டு வருஷம் பேசியவர்.)

"பேட்டரியையே மாத்து. உடம்பு நல்லாத்தான் இருக்கு, மூச்சுதான் பத்தல."

4

முடிவு ஒன்று: கூட்டம் கண்ணீர் மல்க நாற்பத்தொரு பக்கமும்... (என்னாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு இரண்டு: எல்லாரும் போய்விட, நாற்காலி வாடகைக்காரர் மட்டும் கொட்டாவி விட்டபடி... (கொடுமை. அடித்துவிட்டேன்.)

நான் பார்த்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை, சரஸ்வதிபுரம் பூங்கா. ஒன்பதாம் பக்கம். பதினோராவது நிமிடம் வந்ததும், பழக்க தோஷத்தில் கூட்டம் கைதட்டத் தொடங்கியது.

ஆராத்யர் நிமிர்ந்தார். திரையில் சார்ஜ் தொண்ணூற்றாறு சதவீதம். முன்வரிசையில் மங்களா மட்டும் தட்டவில்லை. கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது தட்டுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் ஆராத்யருக்குக் கேட்டது.

அவர் விரல் அணைக்கும் பொத்தானின் மேல் இருக்கிறது. அழுத்திவிட்டு "சார்ஜ் போயிடுச்சு" என்றால், வாழ்க்கையில் அவர் மேடையில் சொல்லும் முதல் பொய். அழுத்தாவிட்டால் பாக்கி முப்பத்திரண்டு பக்கம்.

இதற்குமேல் நான் எழுதமாட்டேன். மூன்றாம் வரிசையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. அவர் இப்போது உங்கள் கைகளைத்தான் பார்க்கிறார்.