இரண்டாவது இழுப்பு

"நீ வெளிய போம்மா, யாராவது பார்த்தா—"

"பார்க்கட்டுமே, சேணப்பட்டையை ஒரு இழுப்பு இழுத்துட்டு—"

"உள்ளயே வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, இவ இழுக்கறாளாம்!"

"பெத்தவ தொட்டா குதிரை என்ன தேஞ்சா போயிடும்?"

"நான் தேஞ்சு போயிடுவேன். தள்ளு."

மகள் சேணத்தைத் தூக்கிக் குதிரையின் முதுகில் வைத்தாள். லாயத்தின் அரைக்கதவுக்கு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று நின்றாள் அம்மா. குதிரை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. எதற்கெடுத்தாலும் முறுக்கிக்கொள்வதால் வீட்டில் அதற்குச் சம்பந்தி என்று பெயர்.

போன வருஷம் வரை இந்தக் குதிரையேற்றப் பயிற்சி முகாம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் அம்மா, அப்பா, குதிரைக்காரர், தண்ணீர் பாட்டிலோடு ஒரு சித்தி. இந்த வருஷம் வந்த புதுத் தலைமைப் பயிற்சியாளர் அத்தனை பேரையும் வேலிக்கு வெளியே தள்ளிவிட்டார். தேய்ப்பது, சேணம் கட்டுவது, ஏறுவது எல்லாம் இனி பிள்ளைகளே. ஏதாவது சரியில்லை என்றால் கையைத் தூக்கிவிட்டு நிற்கலாம், குற்றமில்லை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சொல் வந்து விழுந்தாலும் அந்தப் பிள்ளை மூட்டை கட்ட வேண்டியதுதான். நாட்டின் இளையோர் அணிக்கு ஆள் எடுப்பது இங்கிருந்துதான். அடுத்த வருஷம் மகளுக்கு வயது தாண்டிவிடும்.

"அதுக்கில்லடி, இது வயித்தை உப்பிக்கிட்டு—"

"தெரியும்."

"நடக்க விட்டு மறுபடியும்—"

"தெரியும்மா! எல்லாம் தெரியும். போ!"

அம்மா போனாள்.

வேலி ஓரத்தில் அப்பா அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். "என்ன, சண்டையா?"

"வாயைத் திறந்தாலே கடிக்கறா."

"உன் வாய்தான் எனக்குப் பயம். இந்தா." தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "ஒரு வாய் ஊத்திக்கோ. முழுங்காதே. அவ முடிக்கற வரைக்கும் அப்படியே வெச்சிரு."

"விளையாடறீங்களா?"

"சத்தியமா இல்லை."

கன்னங்கள் புடைக்க அவள் வேலியைப் பிடித்துக்கொண்டாள். மகள் ஏறினாள். நிமிர்ந்த முதுகு, தாழ்ந்த குதிகால். பக்கத்திலிருந்த யாரோ, "உங்க பொண்ணா? உட்கார்ற அழகே தனி" என்றார்கள். அம்மாவால் தலையாட்டத்தான் முடிந்தது.

அப்போதுதான் பட்டையைப் பார்த்தாள்.

வயிற்றுப்பட்டையை இழுக்கும்போது சம்பந்தி மூச்சை அடக்கிக்கொள்ளும். கொஞ்சம் நடந்ததும் மூச்சை விட்டுவிடும், பட்டை தொளதொளக்கும். அப்போது இன்னொரு இழுப்பு வேண்டும். வீட்டில் முதல் இழுப்பு மகளுடையது. இரண்டாவது இழுப்பு எப்போதும் அம்மாவுடையது. அந்த நேரத்தில் மகள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் இதைச் செய்ததில்லை.

பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

அம்மா அப்பாவின் கையைக் கிள்ளினாள். அவர் பார்த்தார். அவர் முகமும் மாறியது.

"பொறு," என்றார் அடிக்குரலில். "பார்த்துக்குவா. பொறுடி."

முதல் தடை தாழ்வானது. தாண்டிவிட்டாள். இறங்கும்போது சேணம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. அடுத்தது உயரமான தடை. அதற்கு முன்னால் ஒரு திருப்பம். திருப்பத்தில் சேணம் இன்னும் சாய்ந்தது. அம்மா பட்டையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயிலிருந்த தண்ணீர் தானாகத் தொண்டைக்குள் இறங்கியது.

"பட்டை! நிறுத்துடி, பட்டை!"

மைதானம் முழுக்கக் கேட்டது. குதிரை தடைக்கு முன்னால் நின்றது. மகள் வழுக்கினாற்போல் இறங்கினாள். அடி ஒன்றுமில்லை.

பயிற்சியாளர் வந்து பட்டைக்குள் கையை விட்டார். உள்ளங்கை முழுசாகப் போனது. வேலிப்பக்கம் திரும்பினார்.

"யார் கத்தினது?"

பெற்றவர்கள் எல்லோருக்கும் திடீரென்று செருப்பில் ஏதோ ஒட்டியிருந்தது. அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

"மேடம், விழுந்திருப்பா மேடம். உயிர் போற விஷயம்."

"விழுந்திருக்க மாட்டா. திருப்பத்துலயே கையைத் தூக்கிட்டா. குதிரையையும் இழுத்துப் பிடிச்சுட்டா. நீங்க கத்தறதுக்கு முன்னாடி. நான் பார்த்தேன்."

"கையையா?" அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் வேலிக்கம்பியைப் பார்த்தார்.

"இறங்கி, இறுக்கிட்டு, மறுபடி ஆரம்பிச்சிருக்கலாம். அதுக்குத்தான் அந்த விதியே."

"அப்போ விடுங்க மேடம், அவ மேல என்ன தப்பு—"

"அவ மேல தப்பே இல்லை. ஆனா நீங்க கத்தினது இங்க இருக்கற எல்லாருக்கும் கேட்டுச்சு. இன்னிக்கு உங்களுக்கு விட்டா, நாளைக்கு இந்த வேலியே கத்தும்."

பயிற்சியாளர் அடுத்த பிள்ளையைக் கூப்பிடப் போய்விட்டார்.

மகள் குதிரையை நடத்திக்கொண்டு வேலியருகே வந்தாள். அழவில்லை. சேணத்தின் மடிப்பைத் தூக்கி, பட்டையை ஒரு இழுப்பு இழுத்து, சரியான துளையில் மாட்டினாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"தெரியும்னு சொன்னேன்ல? ஒரு நொடிகூடவாம்மா உன்னால என்னை நம்ப முடியல?"